செத்த தசைக்கு வெல்டிங் உண்டா?

ஒரு சின்ன டெஸ்ட். பேப்பர், பேனா எதுவும் வேண்டாம்.

ராத்திரி பதினோரு மணி. உங்க அப்பா கட்டில்ல எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, 'நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு'ங்கிறார். நெத்தியெல்லாம் வேர்வை. உங்க வீட்டுல முதல்ல எது வரும்? அ) சோடா. ஆ) ஓமத் தண்ணி. இ) பெருங்காயம் கலக்கின மோர். ஈ) 108-க்குப் போன்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம்! எங்க ஏரியாவுல அ, ஆ, இ மூணும் வரிசையா முடிஞ்ச பிறகுதான் 'ஈ'க்கு டர்ன் வரும். எங்க ஊர் டிக்‌ஷனரியில நெஞ்சுல வர்ற எல்லா வலிக்கும் ஒரே பேர்தான்... 'வாய்வு'.

எங்க ஊர்னா, மல்லாங்கிணறு. விருதுநகர்ல இருந்து காரியாபட்டி போற ரோட்டுல வரும். கரிசக்காடும் கருவேல மரமுமா இருக்கும். இந்தப் பக்கம் விருதுநகர், அதையும் தாண்டிக் கொஞ்சம் தள்ளிப் போனா சிவகாசி. விருதுநகர்னு சொன்னா உங்களுக்குக் காமராஜர் ஞாபகம் வருவார். அடுத்து, எண்ணெயில முங்கி எழுந்த பரோட்டா ஞாபகம் வரும். 'இதயம்'னு பேர் வெச்ச நல்லெண்ணெயே எங்க விருதுநகர்ல பிறந்ததுதான். பேருக்குக்கூட இதயத்தையும் எண்ணெயையும் பிரிக்காத ஊருங்க எங்களுது! தமாஷ் போதும், மேட்டருக்கு வர்றேன்.

எங்க பெரியப்பாவுக்கு 54 வயசு. சொந்தமா ஒரு லோடு வேன் வெச்சு ஓட்டுறவர். சிவகாசியில காலண்டரும் டைரியும் ஏத்தினா மதுரை, திருச்சின்னு இறக்கிட்டு வருவார். டயர் பஞ்சரானா ஜாக்கி போட்டுத் தனியாளா மாத்துற ஆளு. போன வருஷம் ஒரு ராத்திரி அவருக்கு 'வாய்வு' வந்தது. இப்போ அவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்டென்ட் இருக்கு, டப்பா நிறைய மாத்திரை இருக்கு. ஆனா, கண்மாய்க் கரை வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது.

ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு வாரம் கழிச்சு நான் லீவுக்குப் போயிருந்தேன். திண்ணையில உட்கார்ந்திருந்தவர் பக்கத்துல கூப்பிட்டார்.

"ஏப்பா, நீ இஞ்சினியருக்குத்தானே படிக்கிற? டீசல் பைப்புல அடைப்பு இருந்தா வண்டி இழுக்காது. அடைப்பை எடுத்துட்டா பழையபடி இழுக்கும். என் அடைப்பைத்தான் கம்பி விட்டு எடுத்துட்டாங்களே... அப்புறமும் ஏன் இழுக்க மாட்டேங்குது? கம்பி விட்டு அதையும் ரிப்பேர் பண்ண முடியாதாக்கும்?"

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறேன். அப்ளைடு தெர்மோடைனமிக்ஸ்ல கேட்டிருந்தா ரெண்டு மார்க்குக்காவது ஏதாவது எழுதியிருப்பேன். இதுக்குப் பதில் தேடிக் கிளம்பினதுதான் இந்தக் கட்டுரை. ரிவ்யூவுக்குப் போனப்ப மதுரையில அவரைப் பார்த்த இதய டாக்டர்கிட்ட கேட்டேன். லைப்ரரியில தேடினேன். ரெண்டு பக்கமும் கிடைச்சதைச் சொல்றேன். நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஒரு அப்பாவோ, பெரியப்பாவோ இருக்காங்க. உலகம் முழுக்க நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வோட கணக்குப்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு 53. மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 கிட்ட. நமக்கு 20 வயசுன்னா அப்பாவுக்கு என்ன வயசுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

முதல்ல அந்தக் 'கம்பி' மேட்டர். இதை ஆரம்பிச்சு வெச்ச கதையே சினிமா மாதிரி இருக்கும். 1929, ஜெர்மனி. வெர்னர் ஃபோர்ஸ்மன்னு ஒரு இளம் டாக்டர். கை நரம்பு வழியா குழாய் விட்டா இதயம் வரைக்கும் போகும்னு நம்பினார். மேலதிகாரி 'கூடாது'ன்னுட்டார். நம்மாளு என்ன பண்ணினார் தெரியுமா? தன் கையிலேயே வெட்டி, சிறுநீர்க் குழாயில விடுற டியூபை உள்ளே தள்ளி, அப்படியே எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போய் படம் எடுத்துட்டார்! டியூப் முனை இதயத்துல இருந்தது. திட்டுதான் கிடைச்சது. நோபல் பரிசு வர 1956 ஆச்சு.

அதுக்கப்புறம் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக். ஜூரிச்ல வீட்டுச் சமையலறை டேபிள்ல உட்கார்ந்து, குழாய் முனையில குட்டி பலூன் ஒட்டிப் பார்த்துக்கிட்டிருந்த மனுஷன். 1977 செப்டம்பர் 16-ந் தேதி 38 வயசுக்காரர் ஒருத்தரோட இதய ரத்தக்குழாய்ல அந்த பலூனை ஊதி அடைப்பைத் திறந்தார். உலகத்தோட முதல் ஆஞ்சியோபிளாஸ்டி. அவர்கிட்ட பயிற்சி எடுத்த டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல நம்ம சென்னையில இந்தியாவோட முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைச் செஞ்சார். 2025 ஏப்ரல்ல அவர் காலமானப்ப பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

மெக்கானிக்கல் ஆளுங்களுக்குன்னே கொஞ்சம் அளவு சொல்றேன், மத்தவங்க பொறுத்துக்குங்க. மணிக்கட்டு வழியா உள்ளே போற கதீட்டர், அதாவது அந்த வளையிற குழாய், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். அதுக்குள்ள போற கம்பி 0.36 மில்லிமீட்டர். அடைப்பைத் தாண்டி இந்தக் கம்பி போகணும், அதும் மேலயே சறுக்கிக்கிட்டு பலூன் போகணும். பலூன் மேல சுருங்கின வலை மாதிரி ஸ்டென்ட். பலூனை ஊதுற அழுத்தம் பத்துப் பதினஞ்சு அட்மாஸ்பியர். உங்க பைக் டயர்ல இருக்கிறது ரெண்டு, ரெண்டரைதான். அந்த அழுத்தத்துல வலை விரிஞ்சு ரத்தக்குழாய் சுவரோட ஒட்டிக்கும். பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துருவாங்க, வலை உள்ளேயே தங்கிரும். ஆரம்ப கால ஸ்டென்ட்டெல்லாம் எவர்சில்வரோட சொந்தக்கார உலோகம்தான். நம்ம அப்துல் கலாம் சாரும் ஹைதராபாத் டாக்டர் சோமராஜுவும் சேர்ந்து 1990-கள்ல விலை குறைஞ்ச ஸ்டென்ட் ஒண்ணு செஞ்சாங்க, 'கலாம்-ராஜு ஸ்டென்ட்'டுன்னே பேரு. ராக்கெட்காரருக்கு நெஞ்சுக்குள்ள என்ன வேலைன்னு கேக்கறவங்க, உலோகவியல் பேப்பரை இன்னொரு தடவை எழுதிட்டு வரவும்!

சும்மா சொல்லக் கூடாது, விலையும் இறங்கியிருக்கு. மருந்து பூசின ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேல வித்துக்கிட்டிருந்த காலம் உண்டு. 2017 பிப்ரவரியில மத்திய அரசு அதுக்கு 29,600 ரூபாய்னு உச்சவரம்பு வெச்சது. பெரியப்பாவுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்ததால, பெரியம்மா கழுத்துச் சங்கிலி தப்பிச்சது.

ஆக, குழாய் வேலை சுத்தமா முடிஞ்சது. அப்புறம் ஏன் இழுக்கலை?

டாக்டர் ஒரு பேப்பரை எடுத்து, இதயத்தைப் படம் போட்டார். "தம்பி, டீசல் பைப் அடைச்சா இஞ்சின் நிக்கும், ஆனா இஞ்சின் சாகாது. இங்கே பைப் அடைச்சா இஞ்சினே செத்துரும். அதான் வித்தியாசம்"னார். எனக்கு அதுக்கு மேல விளக்கமே தேவைப்படலை. இருந்தாலும் அவர் சொன்னார். ரத்தக்குழாய் சுவர்ல இருக்கிற கொழுப்புப் படிவம் திடீர்னு கிழியும். அதும் மேல ரத்தம் உறைஞ்சு குழாயை மூடிரும். அரை மணி நேரத்துக்குள்ள தசை சாக ஆரம்பிக்கும். உள்பக்கத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, அலை மாதிரி பரவும். ஆறு மணி நேரம் போனா பெரும்பகுதி முடிஞ்சிருக்கும். பெரிய அட்டாக்னா, ஒரே ராத்திரியில 100 கோடி தசைச் செல்கள் வரைக்கும் போயிரும். செத்த இடத்துல தழும்புதான் வரும். தழும்பு கிழியாம தாங்கும், ஆனா சுருங்கி விரியாது. மிச்சமிருக்கிற தசை தன் வேலையோட அதோட வேலையையும் சேர்த்துப் பார்க்கும். போகப் போக இதயம் பலூன் மாதிரி பெருக்கும். பெரியப்பாவோட பம்பிங் 35 சதவிகிதம். நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல இருக்கணும்.

அடிபட்டா தோல் வளருது, எலும்பு கூடுது, கல்லீரலை வெட்டினாக்கூட வளருது. இதயம் மட்டும் ஏன் வளராது? வளருது பாஸ், ஆனா ஆமை வேகத்துல. இதைக் கண்டுபிடிச்ச விதம் செம இன்ட்ரஸ்டிங். அணுகுண்டு சோதனைகளால காத்துல கார்பன்-14 அளவு ஏறி இறங்கியிருந்தது. அது எல்லாரோட செல்லுக்குள்ளேயும் போயிருக்கும் இல்லையா? அதை வெச்சு, இதயச் செல்லோட 'பிறந்த வருஷத்தை' ஸ்வீடன் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டாங்க. 2009-ல வந்த முடிவு: 25 வயசுல வருஷத்துக்கு 1 சதவிகிதச் செல்கள் புதுசா வருது. 75 வயசுல அதுல பாதிகூட இல்லை. இதே, மீன் தொட்டியில விக்கிற ஸீப்ரா மீன் இருக்கே... இதயத்துல அஞ்சுல ஒரு பங்கை வெட்டி எடுத்தாக்கூட ரெண்டு மாசத்துல திரும்ப வளர்த்துக்குது! பொறாமையா இருக்கு.

இப்போ பெரியப்பாவோட ரெண்டாவது கேள்வி. கம்பி விட்டு அதை ரிப்பேர் பண்ண முடியாதா? ஃப்ரெண்ட்ஸ், பண்ணிப் பார்க்காம யாரும் சும்மா இல்லை.

சில பேருக்கு அட்டாக் வந்த சில நாள்ல, செத்த தசை இத்துப்போய், இதயத்தோட ரெண்டு கீழ் அறைக்கு நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை விழும். ரொம்ப அபூர்வம், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. நெஞ்சைத் திறந்து தைக்கலாம். ஆனா நனைஞ்ச அட்டையில தையல் போட்டா என்ன ஆகும்? கிழியும். அதனால சிலருக்குக் கதீட்டர் வழியா ஒரு 'குடை'யைக் கொண்டு போய் விரிச்சு ஓட்டையை மூடுறாங்க. அது நிட்டினால் கம்பியில பின்னின வலை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சது. மடக்கிக் குழாய்க்குள்ள திணிச்சாலும், வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்கே திரும்பிரும். மெட்டீரியல் சயின்ஸ் கிளாஸ்ல 'ஷேப் மெமரி அலாய்'னு தூக்கக் கலக்கத்துல நோட்ஸ் எடுத்தோமே, அதேதான்! ஆனா இதுலயும் எல்லாரும் பிழைக்கிறதில்லை.

அடுத்து, பெருத்துப் போன இதயத்துல செத்த பகுதியை மட்டும் தனியா ஒதுக்கி வெக்கிற மாதிரி, பாராசூட் வடிவத்துல ஒரு கருவி வந்தது. பேரே 'பாராசூட்'தான். ஐடியா என்னமோ சூப்பர். ஆனா, பெரிய அளவுல ஆரம்பிச்ச ஆய்வு பாதியில நின்னு போச்சு.

அப்புறம் ஸ்டெம் செல். எலும்பு மஜ்ஜையில இருந்து செல் எடுத்து, கதீட்டர் வழியா இதயத்துக்குள்ள விட்டா புதுத் தசை முளைக்கும்னு 2001 வாக்குல ஜெர்மனியில ஆரம்பிச்சாங்க. உலகமே துள்ளிக் குதிச்சது. உண்மையிலேயே உயிர் காக்குதான்னு பார்க்க ஐரோப்பாவுல 3,000 பேரைச் சேர்க்கப் போறோம்னு ஆரம்பிச்ச ஆய்வுல 375 பேர்தான் சேர்ந்தாங்க. 2020-ல வந்த ரிசல்ட், ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அதைவிடக் கொடுமை, 'இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கு'ன்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்தோட 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறணும்னு 2018-ல ஹார்வர்டே சொல்லிருச்சு. டேட்டாவுல தில்லுமுல்லு! லேப் ரெக்கார்டுல ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ற பழக்கம் இருக்கிற நண்பர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும். இங்கே ஒரு பெரியப்பாவோட நம்பிக்கையில்ல அட்ஜஸ்ட் ஆகியிருக்கு?

ஒண்ணு மட்டும் நிஜமாவே ஜெயிச்சிருக்கு. இதயம் பெருத்தா வால்வு சரியா மூடாம ரத்தம் பின்னாடி கசியும். துணி காயப்போடுற க்ளிப் மாதிரி ஒண்ணைக் கதீட்டர்ல கொண்டு போய் வால்வோட ரெண்டு இதழையும் நடுவுல பிடிச்சு வெக்கிறாங்க. 2018-ல வெளியான ஆய்வுல, 614 பேரைப் பிரிச்சு ரெண்டு வருஷம் பார்த்தாங்க. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்கள்ல 46 சதவிகிதம் பேர் இறந்தாங்க. க்ளிப்பும் போட்டவங்கள்ல 29 சதவிகிதம். ஆனா அது எல்லாருக்கும் பொருந்தாது. செலவும் லட்சங்கள்ல. முக்கியமா, அது கசிவைத்தான் அடைக்குது, தசையைத் திருப்பித் தரலை.

அப்போ பெரியப்பாவுக்கு நான் என்னன்னு சொல்றது?

டாக்டரே கொஞ்சம் ஆறுதல் கொடுத்தார். பம்பிங் குறைஞ்சிருக்கிற தசை எல்லாமே செத்தது இல்லையாம். கொஞ்சம் மயங்கிக் கிடக்குமாம். ரத்தம் திரும்பக் கிடைச்சா சில வாரத்துல முழிச்சுக்கும். அதனால, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட வெச்சு மூணு மாசம் கழிச்சு மறுபடி எக்கோ எடுத்தாங்க. 41 சதவிகிதம். நான் அரியர் க்ளியர் பண்ணினப்பகூட எங்க வீட்டுல இவ்வளவு சந்தோஷப்படலை! ஆனா லோடு ஏத்தி இறக்க முடியாது. வேனை ஓட்ட ஒரு பையனைப் போட்டிருக்கார். சம்பளம் போக மிச்சம் எவ்வளவுங்கிறதைப் பத்தி அவரும் பேசுறதில்லை, நாங்களும் கேக்கறதில்லை.

இஞ்சினியரிங் புத்தி விடுமா? அந்த ராத்திரிக்கு ஒரு டைம் சார்ட் போட்டேன், பெரியம்மாவை உட்கார வெச்சுக் கேட்டுக் கேட்டு. 11 மணிக்கு வலி. 11:10-க்கு சோடா. 11:40-க்கு ஓமத் தண்ணி. 12:30-க்கு வாந்தி, 'அப்பாடா, வாய்வு வெளியேறுது'ன்னு நிம்மதி. 2 மணிக்கு நெஞ்சுல தைலம். 'ஆஸ்பத்திரி போவோமா?'ன்னு பெரியம்மா கேட்டதுக்கு, 'இந்நேரத்துக்கு யாரைப் போய் எழுப்புறது, விடிஞ்சா லோடு இருக்கு'ன்னிருக்கார். 5:15-க்குப் பால் வாங்க எழுந்த பக்கத்து வீட்டு அக்கா அவர் முகத்தைப் பார்த்துட்டு 108-க்குப் போன் போட்டிருக்காங்க. 6:10-க்கு விருதுநகர்ல ஒரு ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. எடுத்து, 6:45-க்கு ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி. அங்கிருந்து மதுரை, மத்தியானம் ஸ்டென்ட்.

ஊசி போடுற வரைக்கும் மொத்தம் ஏழே முக்கால் மணி நேரம். ஆஸ்பத்திரி எடுத்துக்கிட்டது 35 நிமிஷம். ஆம்புலன்ஸ் வர்றதுக்கும் போறதுக்கும் 55 நிமிஷம். மிச்சம் ஆறே கால் மணி நேரமும் எங்க வீட்டுக்குள்ளேயே போயிருக்கு. 'கிராமத்துல இருந்து மதுரை தூரம், அதான்'னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. சார்ட்டைப் பார்த்த பிறகு யாரும் அதைச் சொல்லலை.

தூரம் பிரச்னையே இல்லைன்னு சொல்ல வரலை. நம்ம தமிழ்நாட்டுலயே அதுக்கு ஒரு வழி செஞ்சு காட்டியிருக்காங்க. 2012-ல இருந்து 2014 வரைக்கும், கோவை டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர் குழு 2,420 மாரடைப்பு நோயாளிகளை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சது. சின்ன ஆஸ்பத்திரிகளைக் கேத் லேப் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோட இணைச்சு, பக்கத்துல ஊசியைப் போட்டுட்டு, அப்புறம் ஆம்புலன்ஸ்ல பெரிய இடத்துக்கு அனுப்பினாங்க. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவிகிதத்துல இருந்து 14.2-ஆக் குறைஞ்சாங்க. புதுசா ஒரு கருவியும் கண்டுபிடிக்கலை, இருக்கிறதைக் கோத்தாங்க, அவ்வளவுதான். 2023-ல தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டுவந்தது. நெஞ்சு வலின்னு போனா, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயுமே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸா கொடுத்து மேல அனுப்பி வெக்கணும். எங்க தெருவுல இப்படி ஒரு திட்டம் இருக்கிறதே யாருக்கும் தெரிஞ்சிருக்கலை.

இன்னொண்ணும் டாக்டர் சொன்னார். சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் சில நேரம் நெஞ்சு வலியே இருக்காதாம். மூச்சு முட்டல், வேர்வை, தாடையிலயோ கையிலயோ வலி, காரணமே இல்லாத அசதி... இவ்வளவுதானாம். அம்மாக்கள் 'ஒண்ணுமில்லடா, அசதி'ன்னு சொன்னா நாமளும் நம்பிருவோம்.

பெரியப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மீன் கதையை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். "நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள எவனாவது கண்டுபிடிச்சிருவான்"னார். "பார்க்கலாம் பெரியப்பா"ன்னேன்.

காலேஜுக்குத் திரும்பினதும் ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி எல்லாரையும் உட்கார வெச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க வீட்டுல இருந்து, ஈ.சி.ஜி. எடுத்து ஊசி போடுற ஆஸ்பத்திரிக்குப் போக எத்தனை நிமிஷம் ஆகும்?' ஒருத்தன் மேப்பைத் திறந்தான். ஒருத்தன், 'மச்சி, எங்க ஊர்ல மெடிக்கல் ஷாப்பே ஒன்பது மணிக்கு மூடிருவாங்கடா'ன்னான். எப்பவும் கலாய்ச்சுக்கிட்டே இருக்கிற சாத்தூர்க்காரன் மட்டும் ஒண்ணும் பேசாம போனை எடுத்துக்கிட்டு வராண்டாவுக்குப் போனான். "அப்பா, தூங்கிட்டீங்களா? இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாதான்... போன வாரம் தோள்பட்டை வலிக்குதுன்னீங்களே, அது எந்தப் பக்கம்?"னு கேட்டது உள்ளே வரைக்கும் கேட்டது.